0.999… என்பது 1-தானா? சுழல் தசமம் முழு எண்ணாக வருமா?

#1 உட்லண்ட்ஸ்_வாசகி

சிங்கப்பூரில் உயர்நிலை 1 கணக்கில் சுழல் தசமத்தைப் பின்னமாக மாற்றும் முறை இருக்கிறது. 0.777… என்றால், ச = 0.777… என்று வைத்துக்கொண்டு 10ச = 7.777… என எழுதி, 10ச-விலிருந்து ச-வைக் கழித்தால் 9ச = 7, ச = 7/9. இதுவரை சிக்கல் இல்லை. இதே முறையை 0.999…-இல் போட்டுப் பார்க்கும் பிள்ளைகளுக்கு 9ச = 9, ச = 1 என்று விடை வருகிறது. உடனே "எங்கேயோ தப்பு" என்று அழித்துவிடுகிறார்கள்.

முறையில் கோளாறா, இல்லை விடை உண்மையிலேயே 1-தானா? 1-தான் என்றால், வேறு எந்தச் சுழல் தசமங்கள் இப்படி முழு எண்ணாக வரும்? தெரிந்தவர்கள் விளக்கமாகச் சொல்லுங்கள்.

#2 தசமப்புள்ளி

விடை சரிதான் அக்கா. 0.999… = 1. ஏறக்குறைய 1 என்றோ 1-ஐ நெருங்கும் எண் என்றோ சொல்வது போதாது. இரண்டும் ஒரே எண், எழுதும் விதம்தான் வேறு. 1/2, 2/4, 0.5 மூன்றும் ஒரே எண்ணாக இருப்பதைப் போலத்தான் இதுவும்.

முதலில் ஒன்றைப் பிரித்துக்கொள்ள வேண்டும். 0.999 வேறு, 0.999… வேறு. முன்னதில் மூன்று 9-கள், 1-க்கு 0.001 குறைவு. பின்னதில் 9-கள் எந்த இடத்திலும் நிற்பதில்லை. பள்ளியில் 9-க்கு மேல் ஒரு புள்ளி வைத்து எழுதுகிறோமே, அது. இந்த விஷயத்தில் நடக்கும் சண்டைகளில் பெரும்பாலும் ஒருவர் முதலாவதைப் பற்றியும் மற்றவர் இரண்டாவதைப் பற்றியும் பேசிக்கொண்டிருப்பார்.

உங்கள் இரண்டாவது கேள்விக்கு முழுமையான விடை உண்டு. தசமப்புள்ளிக்கு அடுத்த இடத்திலிருந்தே சுழலும் தசமத்தைப் பின்னமாக்க, சுழலும் தொகுதியை மேலே எழுதி, அதில் எத்தனை இலக்கமோ அத்தனை 9-களைக் கீழே எழுதினால் போதும். 0.272727… = 27/99 = 3/11. 0.142857142857… = 142857/999999 = 1/7. மேலே இருக்கும் எண் கீழே இருப்பதைத் தாண்டவே முடியாது, ஏனென்றால் அத்தனை இலக்கங்களில் மிகப் பெரிய எண்ணே 99…9-தான். ஆகவே இந்தப் பின்னம் முழு எண்ணாக இரண்டே வழிகள். தொகுதி முழுக்க 0, அல்லது தொகுதி முழுக்க 9. இதைத் தவிர வேறு எந்தத் தொகுதியும் முழு எண்ணைத் தராது.

அந்த 9-கள் தசமப்புள்ளிக்கு அடுத்த இடத்திலேயே தொடங்கவும் வேண்டும். 2.999… = 3, 19.999… = 20. ஆனால் 6.7999… = 6.8, இது முழு எண் இல்லை.

#3 பொங்கோல்_தமிழன்

எனக்கு இது ஒப்பவில்லை. 0.9 ஒன்றுக்குக் குறைவு. 0.99 குறைவு. 0.999 குறைவு. ஒரு கோடி 9 போட்டாலும் குறைவுதான். எந்தக் கட்டத்திலும் 1-ஐ அடையாத ஒன்று, முடிவில் மட்டும் எப்படி அடையும்?

#4 எல்லைக்கோடு

நீங்கள் சொன்ன ஒவ்வொரு வரியும் சரி. ஒரு கோடி 9 போட்டாலும் 1-க்குக் குறைவுதான். ஆனால் நீங்கள் பட்டியலிட்டவை 0.9, 0.99, 0.999 என்னும் வரிசையின் உறுப்புகள். 0.999… அந்த வரிசையின் உறுப்பு இல்லை. "முடிவில்" என்று ஒரு கட்டமும் அந்த வரிசைக்குக் கிடையாது. 0.999… என்பது அந்த உறுப்புகள் அனைத்துக்கும் குறையாத, அதே சமயம் 1-ஐத் தாண்டாத ஓர் எண். அப்படி எத்தனை எண்கள் இருக்கின்றன என்பதுதான் கேள்வி.

1-க்குக் குறைவான எந்த எண்ணை வேண்டுமானாலும் எடுங்கள். அது 1-இலிருந்து ஏதோ ஓர் அளவு விலகி இருக்கும். விலகல் 0.0003 என்று வைத்துக்கொள்வோம், அதாவது எண் 0.9997. நான்கு 9-கள் போட்டாலே 0.9999 வந்து அதைத் தாண்டிவிடுகிறது. விலகலை 0.00000002 ஆக்கினால் எட்டு 9-கள் போதும். நீங்கள் எவ்வளவு சிறிய விலகலைச் சொன்னாலும், அதைவிடச் சிறிய 1/10, 1/100, 1/1000… ஒன்று உண்டு. அந்த இடத்தில் 9-கள் உங்கள் எண்ணைத் தாண்டிவிடும். ஆகவே 1-க்குக் குறைவான எந்த எண்ணும் 0.999… ஆக இருக்க முடியாது. 1-க்கு மேலும் போக முடியாது. மிஞ்சுவது 1 மட்டுமே.

இந்த நிரூபணத்தில் "அடைதல்", "போய்க்கொண்டே இருத்தல்" என்ற சொற்களே வரவில்லை, கவனியுங்கள். எண் நகர்வதில்லை. நாம் 9-களை ஒவ்வொன்றாக எழுதுவதால் அதுவும் நம்மோடு நடந்து வருவதாகத் தோன்றுகிறது.

ஒரு தகவல். கேரளத்தின் கணித அறிஞர் நீலகண்ட சோமயாஜி, ஆரியபட்டரின் நூலான ஆரியபட்டீயத்துக்கு எழுதிய உரையில் 1/4 + 1/16 + 1/64 + … என்ற முடிவிலாத் தொடர் 1/3-க்குச் சமம் என்பதை எடுத்துப் பேசுகிறார். அது அந்த அளவுக்குமேல் வளராது என்று எப்படித் தெரியும், அந்த அளவுவரை வளரும் என்று எப்படித் தெரியும் என்ற இரண்டு கேள்விகளையும் அவரே எழுப்புகிறார். மேலே செய்ததும் அந்த இரண்டு பாதிகள்தான்: தாண்டாது, குறையவும் செய்யாது. ஐந்நூறு ஆண்டுகளுக்கு முன்பே கேள்வியை இவ்வளவு துல்லியமாகக் கேட்டிருக்கிறார்கள் என்பது எனக்கு இன்றும் பெருமிதம் தரும் விஷயம்.

#5 பொங்கோல்_தமிழன்

தர்க்கம் புரிகிறது. ஆனால் 1 − 0.999… = 0.000…1 என்று ஒரு மிகச் சிறிய எண் இருக்கலாமே? எண்ணற்ற பூஜ்ஜியங்களுக்குப் பிறகு ஒரு 1.

#6 மீதி_ஒன்று

தசமத்தில் ஒவ்வோர் இலக்கத்துக்கும் ஓர் இட எண் உண்டு. 1-ஆம் இடம், 2-ஆம் இடம், 57-ஆம் இடம் என்று. அந்தக் கடைசி 1 எத்தனையாவது இடத்தில் உட்கார்ந்திருக்கிறது? ஏதாவது ஓர் எண்ணைச் சொன்னால் அதற்கு முன் இருக்கும் பூஜ்ஜியங்கள் எண்ணி முடிக்கக் கூடியவை. அப்போது அது 0.000…1 இல்லை, சாதாரண 0.0001 வகைதான். எண்ணைச் சொல்ல முடியாது என்றால் அப்படி ஓர் இடமே தசமத்தில் இல்லை. பூஜ்ஜியங்கள் முடியாதபோது "பிறகு" என்பதற்கு இடமில்லை.

இன்னொன்று. 9-கள் ஏன் யாருக்கும் இயல்பாகத் தெரிவதில்லை என்பதற்கு நீள் வகுத்தலில் காரணம் இருக்கிறது. 1-ஐ 3-ஆல் வகுக்கும்போது ஒவ்வோர் அடியிலும் மீதி 1, ஈவில் 3 விழுகிறது, எனவே 0.333…. நீள் வகுத்தலின் விதி, மீதி எப்போதும் வகுக்கும் எண்ணைவிடச் சிறியதாக இருக்க வேண்டும் என்பது. அந்த விதியைக் கொஞ்சம் தளர்த்தி, மீதி வகுக்கும் எண்ணுக்குச் சமமாகவும் இருக்கலாம் என்று விடுங்கள். இப்போது 1 ÷ 1 போடுங்கள். ஈவில் முதலில் 0 எழுதினால் மீதி 1. ஒரு பூஜ்ஜியம் இறக்கினால் 10. பத்தில் 9 முறை எடுத்தால் மீதி 1. மறுபடி 10, மறுபடி 9, மீதி 1. ஈவு 0.999… என்று நீண்டுகொண்டே போகும். வகுத்தது 1 ÷ 1, வந்தது 0.999….

பள்ளியில் விதியை இறுக்கமாக வைத்திருப்பதால் வகுத்தலிலிருந்து 9-களின் வரிசை ஒருபோதும் வராது. அதனால்தான் அதைப் பார்த்ததும் ஏதோ வெளியிலிருந்து வந்த எண்போலத் தெரிகிறது.

#7 உட்லண்ட்ஸ்_வாசகி

அப்படியென்றால் 10ச − ச முறையே போதுமான நிரூபணமா? மூன்றே வரி, பிள்ளைகளுக்கும் புரிகிறது.

#8 எல்லைக்கோடு

விடையைக் கண்டுபிடிக்கப் போதும், நிரூபிக்கப் போதாது. அந்த மூன்று வரிகள் இரண்டு விஷயங்களைச் சொல்லாமலே எடுத்துக்கொள்கின்றன. 0.999… என்று ஓர் எண் இருக்கிறது என்பது ஒன்று. அந்த எண்ணை 10-ஆல் பெருக்கினால், இலக்கம் முடிந்துபோகும் தசமங்களில் நடப்பதைப் போலவே புள்ளி ஓரிடம் நகரும் என்பது இன்னொன்று.

முதலாவதைச் சோதிக்காமல் விட்டால் என்ன ஆகும் என்று பாருங்கள். 9-களை வலப்பக்கம் நீட்டாமல் இடப்பக்கம் நீட்டுவோம். ச = …999, அதாவது 9 + 90 + 900 + …. அப்போது 10ச = …9990. கழித்தால் ச − 10ச = 9. ஆகவே −9ச = 9, ச = −1. அதே வகைக் கழித்தல், அதே நேர்மையான இயற்கணிதம். விடையோ எல்லாம் நேர் எண்களாகக் கூட்டி −1. சாதாரண எண்களில் அந்தக் கூட்டலுக்கு ஓர் எண்ணே கிடையாது, ஒவ்வொரு கட்டத்திலும் பத்து மடங்காக வீங்குகிறது. இல்லாத எண்ணுக்குப் பெயர் வைத்துக் கணக்குப் போட்டதால் வந்த வினை. (10-அடிக் எண்கள் என்னும் வேறோர் அமைப்பில் …999 உண்மையிலேயே −1-தான். 1-ஐக் கூட்டிப் பாருங்கள், எல்லா இடமும் 0 ஆகிவிடும். ஆனால் அங்கே 'அருகில்' என்பதன் பொருளே வேறு.)

0.999… விஷயத்தில் எண் இருக்கிறது என்பதை #4-இல் உள்ள வாதம் உறுதி செய்கிறது. அதன் பிறகு 10ச முறை பாதுகாப்பானது. தொடக்கக் கல்லூரியில் (பல்கலைக்கழகத்துக்கு முந்தைய கட்டம்) எச்2 என்னும் உயர்நிலைக் கணிதம் எடுப்பவர்கள் இதையே பெருக்குத் தொடராக எழுதுவார்கள். முதல் உறுப்பு 9/10, பொது விகிதம் 1/10; முடிவிலிவரை கூட்டுத்தொகை 9/10 ÷ (1 − 1/10) = 1. அந்தச் சூத்திரத்தோடு சேர்த்து, பொது விகிதத்தின் அளவு 1-ஐவிடக் குறைவாக இருக்க வேண்டும் என்ற நிபந்தனையும் வரும். …999-இல் விகிதம் 10, நிபந்தனை உடைகிறது. நிபந்தனையை மனப்பாடம் செய்யாமல் ஏன் என்று கேட்கும் மாணவருக்கு இந்த இரண்டு எடுத்துக்காட்டுகளையும் பக்கத்தில் பக்கத்தில் காட்டுங்கள்.

#9 தேக்கா_கணக்கர்

நம் கடை ரசீதிலேயே இது ஒளிந்திருக்கிறது. பொருள் சேவை வரி 9 விழுக்காடு. வரி உட்பட 10 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) என்றால், பொருளின் விலை 10 × 100/109, வரி 10 × 9/109. முழுசாக எழுதினால்:

விலை 9.17431192660550…
வரி 0.82568807339449…

இரண்டையும் இடத்துக்கு இடம் கூட்டுங்கள். 9+0, 1+8, 7+2, 4+5, 3+6, 1+8, 1+8, 9+0… ஒவ்வோர் இடத்திலும் 9. எங்கும் கைவசம் எடுத்துச் செல்ல ஒன்றும் இல்லை. கூட்டுத்தொகை 9.99999…. கொடுத்ததோ சரியாக 10 வெள்ளி. 100/109 + 9/109 = 109/109 என்பதில் யாருக்கும் சந்தேகம் இருக்காதே. 9.999… பத்துக்குச் சமம் இல்லை என்று சொன்னால் இந்தக் கூட்டலே தப்பு என்று சொல்ல வேண்டி வரும்.

#10 தசமப்புள்ளி

அருமையான எடுத்துக்காட்டு. இது தற்செயல் இல்லை. முடிவடையாத, 9-கள் மட்டுமே தொடர்ந்து போகாத இரண்டு தசமங்கள் கூடி 1 ஆகும் என்றால் ஒவ்வோர் இடத்திலும் இலக்கங்கள் கூடி 9 ஆகியே தீர வேண்டும்.

109-க்கு இன்னும் ஓர் அழகு உண்டு. 1/109-இன் சுழலும் தொகுதி 108 இலக்கம் நீளம். 109 என்ற பகா எண்ணுக்குக் கிடைக்கக்கூடிய அதிகபட்ச நீளம் அது. 2023-இல் வரி 8 விழுக்காடாக இருந்தபோது 100/108 = 25/27 = 0.925925925…, தொகுதி மூன்றே இலக்கம். அதற்கு முன் 7 விழுக்காட்டில் 107, தொகுதி 53 இலக்கம். 2024-இல் 9 ஆனதும் 108 இலக்கத்துக்கு நீண்டுவிட்டது. கணிப்பானின் 10 இலக்கத் திரையில் பார்த்தால் அது சுழல்கிறது என்றே தெரியாது.

அந்த 108 இலக்கத்தை நடுவில் வெட்டி, முதல் 54 இலக்கத்தையும் பின் 54 இலக்கத்தையும் கூட்டினால் ஐம்பத்து நான்கு 9-கள் வரும். சிறிய அளவில் 1/7-இல் பாருங்கள்: 142 + 857 = 999. மிடி என்ற பிரெஞ்சுக்காரர் 1836-இல் வெளியிட்ட தேற்றம் இது. கீழே பகா எண்ணும், சுழலும் தொகுதிக்கு இரட்டைப்படை நீளமும் இருந்தால் எப்போதும் பலிக்கும். 107-இன் நீளம் 53, ஒற்றைப்படை. அங்கே வெட்டவே வழியில்லை.

#11 தேக்கா_கணக்கர்

ஒரு எச்சரிக்கை மட்டும். ரசீதில் ஒரு காசு உதைத்தால் பழியைச் சுழல் தசமத்தின்மேல் போடாதீர்கள். 3.40 வெள்ளிப் பொருள் மூன்று. ஒவ்வொன்றுக்கும் வரி 0.306, அதாவது 31 காசு. மூன்றுக்கும் 93 காசு. மொத்தமாக 10.20-க்குப் போட்டால் 0.918, அதாவது 92 காசு. இங்கே சுழலும் இலக்கமே இல்லை. எந்தக் கட்டத்தில் முழுமையாக்கினோம் என்பதுதான் வித்தியாசம்.

#12 நிரலன்

கணினியை வைத்து இதை நிரூபிக்கவோ மறுக்கவோ முயல்கிறவர்களுக்காக எழுதுகிறேன். பைத்தான் நிரல்மொழியில் 1/3*3 என்று கொடுத்தால் 1.0 வரும். இது 0.999… = 1 என்பதற்குச் சான்று இல்லை. கணினி தசம எண்களைச் சேமிக்கும் வழக்கமான வடிவமான 64 பிட் மிதவைப்புள்ளி எண்ணில் 53 இரும இலக்கங்களுக்குத்தான் (பிட்) இடம். 1/3 அதில் சற்றே குறைவாகச் சேமிக்கப்படுகிறது. 3-ஆல் பெருக்கினால் உண்மையான பெருக்கற்பலன் 1-க்கும் அதற்கு முந்தைய எண்ணுக்கும் சரி நடுவில் விழுகிறது. நடுவில் விழுந்தால் கடைசி பிட் இரட்டையாக இருக்கும் பக்கம் தள்ள வேண்டும் என்பது விதி, அதனால் 1. அதே கணினியில் 0.1-ஐ ஒவ்வொன்றாகப் பத்து முறை கூட்டும் சுழற்சி எழுதினால் 0.9999999999999999 வரும். அதை வைத்து "சமம் இல்லை" என்று முடிவு செய்வதும் அதே அளவு தவறு.

0.9999999999999999 என்று பதினாறு 9-கள் தட்டினால் கணினி அதை 1-இலிருந்து வேறான எண்ணாக வைத்துக்கொள்ளும். பதினேழு 9-கள் தட்டினால் 1.0 ஆகிவிடும். இது பெட்டியின் கொள்ளளவு, கணிதத்தின் தீர்ப்பு இல்லை. சரியாக வேண்டும் என்றால் பின்ன வகையைப் பயன்படுத்துங்கள், பணத்தை முழுக்காசாகச் சேமியுங்கள்.

ஒன்று சேர்த்துக்கொள்ளலாம். இது பத்தடிமானத்தின் (பத்தை அடிப்படையாகக் கொண்ட நம் எண்முறையின்) தனிக்குணமும் இல்லை. இருமத்தில் 0.111… = 1. மூன்றடிமானத்தில் 0.222… = 1; அங்கே மூன்றில் ஒரு பங்கு வெறும் 0.1, சுழலவே சுழலாது. எந்த அடிமானத்தை எடுத்தாலும் அதன் மிகப் பெரிய இலக்கம் இந்த வேலையைச் செய்யும்.

#13 பொங்கோல்_தமிழன்

மீநுண் எண்களை (பூஜ்ஜியத்தைவிடப் பெரிய, ஆனால் சாதாரண நேர் எண்கள் எல்லாவற்றையும்விடச் சிறிய எண்களை) ஏற்றுக்கொள்ளும் கணிதமும் இருக்கிறதே, கணித அறிஞர் ஆபிரகாம் ராபின்சன் 1960-களில் கட்டியது. அங்கே 0.999… ஒன்றுக்குக் குறைவு என்று சொல்கிறார்களே?

#14 எல்லைக்கோடு

நல்ல கேள்வி, இதைத் தட்டிக்கழிக்கக் கூடாது. ராபின்சனின் அமைப்பில் முடிவிலி அளவிலான முழு எண்கள் உண்டு. அப்படி ஒன்றை எடுத்து அத்தனை 9-கள் போட்டு நிறுத்தினால் வரும் எண் 1-க்கு மீநுண் அளவு குறைவுதான். ஆனால் அங்கே நீங்கள் ஓரிடத்தில் நிறுத்தியிருக்கிறீர்கள். எந்த இடத்திலும், முடிவிலி இடங்களிலும்கூட, நிறுத்தாமல் 9 போட்டால் அந்த அமைப்பிலும் விடை 1-தான். சாதாரண எண்களில் உண்மையாகும் இத்தகைய கூற்றுகள் அங்கேயும் உண்மையாகும் என்பது அந்த அமைப்பின் அடிப்படைக் கொள்கை.

உங்கள் உள்ளுணர்வுக்கு அங்கே ஓர் இடம் இருக்கிறது என்பது உண்மை. அதற்கு 0.999… என்ற பெயர் கிடையாது, அவ்வளவுதான்.

#15 பொங்கோல்_தமிழன்

இப்போது தெளிவு. நிறுத்திய 9-களுக்கும் நிறுத்தாத 9-களுக்கும் உள்ள வேறுபாட்டில்தான் என் தடை முழுக்க இருந்தது. நன்றி.

#16 உட்லண்ட்ஸ்_வாசகி

பிள்ளைகளுக்கு எந்த வரிசையில் சொல்லித்தருவது? தேர்வில் எங்கே மதிப்பெண் போகும்?

#17 தசமப்புள்ளி

உயர்நிலை 1-க்கு 1/3-இல் தொடங்குங்கள். நீள் வகுத்தலைக் கையால் போடச் சொல்லி, மீதி எப்போதும் 1 என்று அவர்களே பார்க்கட்டும். பிறகு 1/9 = 0.111…, 2/9 = 0.222… என்று 8/9 வரை எழுதி, அடுத்த வரியை அவர்களிடமே விடுங்கள். கடைசியாகத்தான் 10ச முறை. முதலிலேயே அதைக் காட்டினால் ஏதோ தந்திரம் செய்து ஏமாற்றியதாகத் தோன்றும்.

0.333… = 1/3 என்பதைத் தயங்காமல் ஏற்கும் பிள்ளை 0.999… = 1-ஐ மறுத்தால், இரண்டையும் சேர்த்துச் சந்தேகிக்கச் சொல்லுங்கள். நிறுத்திய இடத்தில் 1/3-க்கும் 0.333-க்கும் இடையே 1/3000 இருக்கிறது. முடிவில்லாமல் போனால் அது எங்கே போகிறதோ, 1-க்கும் 0.999-க்கும் இடையே உள்ள 1/1000-உம் அங்கேதான் போகிறது.

மதிப்பெண் போகும் இடங்கள் வேறு. 0.1666…-ஐ 16/99 என்று எழுதுவது ஒன்று. அங்கே சுழல்வது 6 மட்டும். 10ச = 1.666…, 100ச = 16.666…, கழித்தால் 90ச = 15, ச = 1/6. இன்னொன்று, இடைப்படியில் 1/3-ஐ 0.333 என்று வெட்டிவிடுவது. 300 × 0.333 = 99.9. மூன்று முக்கிய இலக்கங்கள் என்பது கடைசி விடைக்கு மட்டும். நடுவில் பின்னமாகவே வைத்திருங்கள், அல்லது கணிப்பானில் முந்தைய விடைப் பொத்தானைப் பயன்படுத்துங்கள்.

#18 மீதி_ஒன்று

முழுமையாக்கல் பற்றி ஒரு கேள்வி. 0.4999…-ஐ அருகிலுள்ள முழு எண்ணுக்கு மாற்றச் சொன்னால்? புள்ளிக்கு அடுத்து 4 இருக்கிறது, எனவே 0 என்று எழுதுவார்கள்.

#19 எல்லைக்கோடு

விடை 1. 0.4999… என்பது 0.5-தான், 0.5-ஐப் பள்ளி விதிப்படி மேலே தள்ளுகிறோம். அடுத்த இலக்கத்தைப் பார்த்து முடிவெடுக்கும் விதி, எண்ணை 9-கள் தொடராத வடிவத்தில் எழுதியிருக்கிறோம் என்று எடுத்துக்கொண்டு அமைத்தது. எனவே முதலில் வடிவத்தை மாற்றுங்கள், பிறகு இலக்கத்தைப் பாருங்கள். 2.999…-இன் முழு எண் பகுதி என்ன என்று கேட்டாலும் இதே வழிதான்: 3.